தரைப்பட்டை வழி காட்டாதபோது: அறிகுறியைக் கொண்டு பழுது காணும் முறை

மின்விளக்கு எரியவில்லை என்றால் அன்றே புகார் வந்துவிடும்; குழாய் ஒழுகினால் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். பார்வையற்றோர் பாதத்தாலும் வெண்கோலாலும் தடவி வழி அறியத் தரையில் பதிக்கும் தொட்டுணர் தரைப்பட்டை பழுதானால் மட்டும் புகார்ப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை, ஏனென்றால் அதை நம்பி நடந்து இடறியவர் அடுத்த முறை துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வருகிறார், அல்லது வராமலே இருந்துவிடுகிறார். ஆகவே மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், பேருந்து நிலையம், நூலகம் போன்ற கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் புகாருக்குக் காத்திராமல் தாமே பழுதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டடங்களில் நான் அடிக்கடி காணும் அறிகுறிகளையும், அவற்றின் காரணத்தைப் பிரித்தறியும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

இந்தப் பட்டைக்கு இரண்டே எழுத்துகள்தான். நீளக் கோடுகள் உள்ள டைல்ஸ் 'கோடு செல்லும் திசையில் நடக்கலாம்' என்கிறது. வட்டப் புள்ளிகள் உள்ள டைல்ஸ் 'நின்று கவனி' என்கிறது. டைல்ஸ் பதிப்பவர்கள் இவற்றைக் கோட்டு டைல்ஸ் என்றும் புள்ளி டைல்ஸ் என்றும் சொல்கிறார்கள். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். இதை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே. 1965இல் அவர் உருவாக்கிய கட்டைகள், 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் சாலையைக் கடக்கும் இடத்தில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. அதன்பின் அந்நாட்டிலேயே ஆளுக்கொரு வடிவில் டைல்ஸ் பெருகி, நடப்பவர்கள் குழம்பி, 2001இல்தான் புள்ளி, கோடு ஆகியவற்றின் அளவுகளை வரையறுக்கும் தேசியத் தரநிலை வந்தது. நம் ஊரில் ஒரே வளாகத்தில் மூன்று ஒப்பந்தக்காரர்கள் மூன்று வகை டைல்ஸைப் பதித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முப்பத்து நான்கு ஆண்டுகள் எனக்கு நினைவுக்கு வரும்.

கையில் ஓர் எஃகு ஸ்கேல், அளவு நாடா, சாக்பீஸ், கைப்பேசி, ஒரு வெண்கோல் ஆகியவை இருக்கட்டும். தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூவைத் தவிர்த்து, மெல்லிய செருப்பு அணிந்து செல்லவும். பட்டையைப் படிப்பது முதலில் பாதம், பிறகுதான் கோல். ஆய்வை ஞாயிற்றுக்கிழமை காலியான கூடத்தில் செய்வதால் பயனில்லை. கூட்டம் அதிகமுள்ள திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குச் செய்தால்தான் பட்டையின் உண்மை நிலை தெரியும்.

அறிகுறி: பட்டையின் மேல் நடந்தும் பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை

ஸ்கேலை இரண்டு கோடுகளின் உச்சியில் பாலம்போல வைத்து, அதன் அடிக்கும் டைல்ஸின் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். ஜப்பானியத் தரநிலை 5 மி.மீ. உயரத்தைக் கேட்கிறது, பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 23599 பொதுவாக 4 முதல் 5 மி.மீ. வரை ஏற்கிறது. அளவு 3 மி.மீ.க்கும் கீழே இருந்தால், அந்த டைல்ஸ் தேய்ந்துவிட்டதா அல்லது வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு, யாரும் மிதிக்காத ஓரத்தில் உள்ள ஒரு டைல்ஸையும் அளந்து பார்த்தால் போதும். ஓரத்தில் 5 மி.மீ., நடுவில் 3 மி.மீ. என்றால் தேய்மானம், இரண்டிலும் 3 மி.மீ. என்றால் கார் நிறுத்துமிடத்துக்கான அலங்கார டைல்ஸைத் தொட்டுணர் டைல்ஸ் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முதலாவதில் திருப்பங்களையும் வாசலையும் மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவதில் முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சில இடங்களில் உயரம் சரியாகவே இருக்கும். ஆண்டுதோறும் முக்கியப் பிரமுகர் வருகைக்கு முந்தைய நாள் மஞ்சள் பெயின்ட் அடித்து அடித்து, கோடுகளுக்கு இடையிலான பள்ளம் மேடாகியிருக்கும். பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டால் பட்டை திரும்பக் கிடைத்துவிடும். டைல்ஸ் இணைப்புக்கு இடும் சிமென்ட் பால் பள்ளங்களில் இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

உயரமும் சரி, பள்ளமும் சரி, ஆனாலும் தெரியவில்லை என்றால் பட்டையை விட்டுவிட்டு அதன் இருபக்கத் தரையைப் பாருங்கள். கட்டம் கட்டமான டைல்ஸ், இன்டர்லாக் கல், கொத்திவிட்ட கிரானைட் ஆகியவற்றின் நடுவே பட்டையைப் பதித்தால், சொரசொரப்புக்குள் சொரசொரப்பு கரைந்துபோகும். இருபுறமும் 600 மி.மீ. அகலத்துக்கு வழவழப்பில்லாத, ஆனால் சமதளமான கல்லைப் பதிப்பதே தீர்வு. செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் பட்டையை எத்தனை முறை மாற்றினாலும் இதைச் செய்யாமல் பலன் கிடைக்காது.

அறிகுறி: பட்டை நன்றாக இருக்கிறது, நடப்பவர் எதிலாவது முட்டிக்கொள்கிறார்

என் அனுபவத்தில் மிக அதிகமாகக் காணும் பழுது இதுதான், இதற்கும் டைல்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. மெட்டல் டிடெக்டர் சட்டகம், மிதியடி, செருப்பு அடுக்கு, குடிநீர் கேன், வரிசைக் கம்பி, சக்கர நாற்காலிகள் என்று பட்டையின் மேல் குடியேறியவற்றின் பட்டியல் நீளமானது. கோலை வீசி நடப்பவருக்குத் தோள்களைவிடச் சற்று அதிகமான அகலம் தேவை என்பதால், பட்டையின் மேல் மட்டுமல்லாமல் அதன் இருபுறத்திலும் இடம் காலியாக இருக்க வேண்டும். தூணை ஒட்டி உரசிச் செல்லும் பட்டையும் பழுதான பட்டையே.

ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில், நுழைவாயில் புள்ளி டைல்ஸின் மேல் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் இருந்தது. நாற்காலியின் நான்கு கால்களும் புள்ளிகளுக்கு இடையே கச்சிதமாக அமர்ந்து, அந்த இடத்துப் புள்ளிகள் நான்கு வட்டங்களாகக் கறுத்துப்போயிருந்தன. 'இங்கே நாற்காலி போடக் கூடாது' என்று அறிவிப்பு ஒட்டினார்கள், சுற்றறிக்கை போனது, நாற்காலி ஒரு வாரம் விலகி நின்று, மீண்டும் அதே வட்டங்களில் வந்து அமர்ந்தது. மூன்றாம் முறை போனபோதுதான் அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கூடத்திலேயே ஓடுகிற ஒரே மின்விசிறி சரியாக அந்தப் புள்ளி டைல்ஸுக்கு மேலே இருந்தது. விசிறியை இரண்டு மீட்டர் தள்ளி மாட்டினார்கள். நாற்காலியும் கூடவே போய்விட்டது.

எனவே தடையைக் கண்டதும் அகற்றுவதற்கு முன், அது ஏன் அங்கே வந்தது என்று கேட்கவும். மெட்டல் டிடெக்டர் அங்கே நிற்பதற்குக் காரணம், பிளக் பாயின்ட் அங்கே மட்டும் இருப்பதாக இருக்கும். சக்கர நாற்காலிகள் பட்டையின் மேல் நிற்பதற்குக் காரணம், அவற்றுக்கென ஓர் இடம் ஒதுக்கப்படாததாக இருக்கும். காரணத்தை நகர்த்தினால் பொருள் நகரும். நகர்த்தவே முடியாத தூண், ஜெனரேட்டர் போன்றவற்றின் முன்னால் மட்டும் பட்டையைப் பிரித்து மாற்றுப் பாதையில் பதிக்கவும். மேலும், கோல் தரையை மட்டுமே தடவும் என்பதை நினைவில் வைத்து, தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏசி பெட்டி, தீயணைப்புக் கருவி, மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவற்றையும் அதே நடையில் குறித்துக்கொள்ளவும்.

அறிகுறி: நடுவழியில் நின்றுவிடுகிறார், அல்லது திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்

இது எழுத்துப் பிழை. சாக்பீஸால் தரையில் குறித்துக்கொண்டே பாதை முழுவதையும் நடந்து, ஒவ்வொரு டைல்ஸும் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்க்கவும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று அகப்படும்.

பாதை முழுவதும் புள்ளி டைல்ஸே பதிக்கப்பட்டிருப்பது முதலாவது. ஒவ்வோர் அடியிலும் 'நில், நில்' என்று சொல்லும் பட்டையை யாரும் நம்ப மாட்டார்கள். திருப்பத்தில் கோடு அப்படியே செங்குத்தாக மடங்கியிருப்பது இரண்டாவது. திரும்பும் இடத்திலும் பாதை பிரியும் இடத்திலும் நான்கு புள்ளி டைல்ஸைச் சேர்த்து 600 மி.மீ. சதுரமாகப் பதித்தால்தான் பாதம் அதைத் தவறவிடாது, ஏனெனில் ஒற்றை 300 மி.மீ. டைல்ஸை ஓர் எட்டில் தாண்டிவிடலாம். மூன்றாவது, பழுதுபார்ப்பின்போது ஏதோ ஒரு கோட்டு டைல்ஸ் தொண்ணூறு பாகை திரும்பிப் பதிந்திருப்பது. கண்ணுக்கு அது சிறு பிசகு, கோலுக்கோ குறுக்கே நிற்கும் சுவர். குறுக்குக் கோடு நடப்பவருக்கு வேறு பொருளையும் தரக்கூடும்: பிரிட்டனில் நடக்கும் திசைக்குக் குறுக்காக அமைந்த உருண்டைக் கோடுகள் மாடிப்படி போன்ற ஆபத்து முன்னே இருப்பதற்கான எச்சரிக்கை.

பதிப்பவரைக் குறை சொல்வதற்கு முன் வரைபடத்தை எடுத்துப் பார்க்கவும். நான் பார்த்த பல வரைபடங்களில் பாதை ஒரு மஞ்சள் கோடாக மட்டுமே காட்டப்பட்டிருந்தது. எந்த இடத்தில் எந்த டைல்ஸ் என்பதை மேஸ்திரியின் ஊகத்துக்கு விட்டிருந்தார்கள்.

அறிகுறி: மாடிப்படியில் தடுமாறுகிறார்

இதை மட்டும் கண்ட அன்றே சரிசெய்ய வேண்டும். படியின் விளிம்பிலிருந்து புள்ளி டைல்ஸ் தொடங்கும் இடம் வரை அளக்கவும். இந்திய வழிகாட்டு நெறிகளின்படி படிக்கட்டும் சாய்தளமும் தொடங்கும், முடியும் இடங்களுக்கு 300 மி.மீ. முன்பாகவே எச்சரிக்கை வர வேண்டும். விளிம்பை ஒட்டியே பதித்திருந்தால், பாதம் புள்ளியை உணரும் கணத்தில் அடுத்த கால் காற்றில் இருக்கும். கீழிருந்து ஏறும் பக்கத்தில் மட்டும் பதித்துவிட்டு மேலிருந்து இறங்கும் பக்கத்தை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு; விழுந்தால் பெரிதாக அடிபடும் பக்கம் அதுதான். படியின் முழு அகலத்துக்கும் புள்ளி இருக்க வேண்டும். நடுவில் மட்டும் இரண்டு டைல்ஸைப் பதித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருபவரை விட்டுவிடக் கூடாது.

அறிகுறி: சிறிது பார்வை உள்ளவர்களுக்குப் பட்டை இருப்பதே தெரியவில்லை

பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை மிஞ்சியிருக்கிறது. அவர்கள் பட்டையைக் காலால் அல்ல, நிறத்தால் தொடர்கிறார்கள். கைப்பேசியில் தரையைப் படம்பிடித்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கவும். பட்டை தரைக்குள் மறைந்துபோனால் பழுது அங்கேதான்.

மஞ்சளாக இருந்தாலே போதும் என்ற எண்ணம் தவறு. கணக்காகப் பார்க்க விரும்பினால், இரு பரப்புகளும் ஒளியைத் திருப்பியனுப்பும் அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மஞ்சள் டைல்ஸின் அளவு 60, சந்தன நிறத் தரையின் அளவு 75 என்று வைத்துக்கொண்டால், 15ஐ 135ஆல் வகுக்க 11 விழுக்காடு வருகிறது. அதே மஞ்சள், அளவு 12 உள்ள கருஞ்சாம்பல் தரையில் இருந்தால், 48ஐ 72ஆல் வகுக்க ஏறக்குறைய 67 விழுக்காடு. 30க்குக் கீழே வந்தால் நான் அதைத் தோல்வி என்றே குறிப்பேன். வெளிர்நிறத் தரையை மாற்ற முடியாத இடத்தில், பட்டையின் இரு ஓரங்களிலும் கறுப்புக் கிரானைட் துண்டுகளைப் பதிக்கலாம்.

பளபளக்கும் தரையில் பதித்த எவர்சில்வர் பட்டைகள் தனிக் கதை. வரவேற்புக் கூடத்துக்கு அழகாக இருக்கும் என்று கட்டடக் கலைஞர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் விழும்போது பட்டையும் தரையும் சேர்ந்து மின்னி, எதுவும் தெரியாமல் போகிறது. உச்சியில் மஞ்சள் அல்லது கறுப்பு நிறப் பொருள் பொதிந்த வகைகள் கிடைக்கின்றன. புதிதாக வாங்குவதானால் அவற்றை வாங்கவும்.

அறிகுறி: பட்டை பெயர்ந்து வருகிறது

பாதி பெயர்ந்த பட்டை எல்லோரையும் தடுக்கிவிடும் என்பதால் முதலில் அதை முழுவதுமாகக் கழற்றி எடுத்துவிட்டு, பிறகு எங்கே பெயர்ந்தது என்பதைக் கொண்டு காரணத்தைத் தேடவும். ஒரே நேர்கோட்டில் உள்ளவை மட்டும் பெயர்ந்திருந்தால், அந்தக் கோட்டில் தரையின் விரிவு இணைப்பு, அதாவது வெப்பத்தில் தரை விரிவதற்காக விட்ட இடைவெளி, இருக்கும்; இணைப்பின் மேல் பட்டையைப் பாலமாக ஒட்டாமல் அதன் இருபுறமும் நிறுத்த வேண்டும். ஓரங்கள் மட்டும் சுருண்டிருந்தால் துடைப்பத் துணியோ தரை தேய்க்கும் இயந்திரமோ இழுத்திருக்கும், அல்லது தினமும் ஊற்றும் தண்ணீர் ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கியிருக்கும். ஆங்காங்கே முழுதாகக் கழன்று, பசை முழுவதும் பட்டையோடு வந்துவிட்டிருந்தால், தரையில் மெழுகோ தூசியோ ஈரமோ இருந்தபோதே ஒட்டியிருக்கிறார்கள். ஈரத்தை அறிய, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடவும். காலையில் அடியில் வியர்த்திருந்தால் தரைக்குக் கீழிருந்து ஈரம் ஏறுகிறது, அந்த இடத்தில் பசை மட்டும் நிற்காது.

மீண்டும் ஒட்டும்போது பழைய பசையைத் தேய்த்தெடுத்து, அசிட்டோனால் துடைத்து, உலரவிட்டு, உற்பத்தியாளர் சொன்ன பசையைக் கலந்து, அவர் சொன்ன நேரம் முழுவதும் அந்தப் பகுதியைக் கயிறு கட்டி மூடி வைக்கவும். மதிய உணவு இடைவேளைக்குள் ஒட்டி முடித்துத் திறந்துவிடும் வேலை அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. தண்டுள்ள எவர்சில்வர் குமிழ்கள் என்றால் துளையிட்டு, துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றிய பிறகே எபாக்ஸி பசையை இட வேண்டும். தூளோடு சேர்ந்த எபாக்ஸி குமிழைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொள்ளும்.

துப்புரவுப் பணியாளரிடமும் பேசவும். தரைக் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் இருந்தால், எவர்சில்வரில் புள்ளிபுள்ளியாகத் துரு பூக்கும், டைல்ஸ் இணைப்புகள் அரிக்கும். அவருக்கு மாற்றுக் கரைசலும், கோடுகளுக்கு இடையே தேய்க்க ஒரு நீள முள் பிரஷும் கொடுத்தால் பட்டையின் ஆயுள் கூடும். அவற்றை வாங்கித் தராமல் அறிவுரை மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை.

அறிகுறி: இடத்துக்கு வந்துவிடுகிறார், வேண்டியதைத் தொட முடியவில்லை

பட்டை லிஃப்ட் கதவின் நடுவுக்குக் கொண்டு விடுகிறது, பொத்தானோ கதவுக்கு ஒரு பக்கத்தில் இருக்கிறது. கழிப்பறை வாசலில் முடிகிறது, ஆனால் எந்த வாசல் ஆண்களுக்கு என்பதைத் தொட்டறியும் பலகை இல்லை. பட்டையின் கடைசி டைல்ஸில் நின்று கையை நீட்டிப் பாருங்கள். அழைப்புப் பொத்தானோ, பிரெய்ல் பலகையோ, விசாரணை மேசையின் விளிம்போ கைக்கு அகப்பட வேண்டும். அகப்படவில்லை என்றால் முடிவிடத்தை நகர்த்தவும்.

அறிகுறி: சக்கர நாற்காலியில் வருபவர்களும் தள்ளுவண்டி ஓட்டுபவர்களும் குறை சொல்கிறார்கள்

குறை நியாயமானது. சாய்தளத்தின் முழு நீளத்துக்கும் பட்டையைப் பதித்திருந்தால் அகற்றவும். அதன் இரு முனைகளிலும் எச்சரிக்கை இருந்தால் போதும். மற்ற இடங்களில் பட்டையின் ஒரு பக்கத்திலாவது சக்கரங்கள் அதைத் தொடாமல் போகும் அளவுக்கு அகலம் இருக்கிறதா என்று பார்க்கவும்.

அறிகுறி: யாரும் பட்டையைப் பயன்படுத்துவதில்லை, சுவரோரமாகவே போகிறார்கள்

இது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். குறுகிய நடைக்கூடத்தில் சுவரின் ஓரத்தைக் கோலால் தொட்டுக்கொண்டே நடப்பது பயிற்சியில் கற்றுத்தரப்படும் முறைதான். அங்கே பட்டைக்குத் தேவையே இல்லை. அந்தப் பணத்தைச் சுவரே இல்லாத பெரிய கூடத்துக்குச் செலவிடலாம். ஆனால் பெரிய கூடத்திலும் சுற்றி வளைத்துச் சுவரோரமாகப் போகிறார்கள் என்றால், ஒருமுறை பட்டை அவர்களை எங்கோ மோதவிட்டிருக்கிறது. மேலே உள்ள அறிகுறிகளை முதலிலிருந்து தொடங்கவும்.

அறிகுறி: 'இதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தானே' என்று கோப்பு திரும்பி வருகிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் பிரிவு 44, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குக் கட்டுமான அனுமதியும் நிறைவுச் சான்றும் வழங்குவதைத் தடுக்கிறது. பிரிவு 45, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் காலவரையறைக்குள் மாற்றச் சொல்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த விதி 15(1), தான் எந்தச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டதோ அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டப் பிரிவுகளையும் இந்தத் தீர்ப்பையும் குறிப்புரையில் சேர்த்து அனுப்பினால் கோப்பு பொதுவாக இரண்டாம் முறை திரும்புவதில்லை.

சரிசெய்த பின் சோதனை

வெண்கோலுடன் நடந்து பழகிய, அந்தக் கட்டடத்துக்குப் புதியவரான ஒருவரை அழைக்கவும். அவருடைய நேரத்துக்கும் பயணத்துக்கும் பணம் கொடுப்பது முறை. வாசலில் நின்று, 'மருந்து வாங்கும் இடத்துக்குப் போக வேண்டும்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஐந்தடி பின்னால் நடக்கவும். படியிலோ வாகனம் வரும் இடத்திலோ தவிர வேறெங்கும் குறுக்கிட வேண்டாம். கையைப் பிடிக்கவும் வேண்டாம். உதவும் எண்ணத்தில் ஓடிவரும் ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவும். அவர் முட்டிக்கொண்ட இடங்களை எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அவர் வேகம் குறைந்த இடங்களையும், ஒரே இடத்தில் இருமுறை பாதத்தால் தடவிப் பார்த்த இடங்களையும் சாக்பீஸால் வட்டமிட்டுக் கொண்டே போகவும். அடுத்த நாள் மேஸ்திரி வேலையைத் தொடங்க வேண்டியது அந்த வட்டங்களிலிருந்துதான்.